‘உங்களுக்கு ரீஃபண்ட் வந்திருக்கிறது’: வருமான வரி பெயரில் வரும் போலி மெயில்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் அக்கம்பக்கத்தாருக்கும் ஓய்வூதியர்களுக்கும் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுத்து வருகிறேன். தாக்கல் வேலை முடிந்த பிறகும் மூன்று நான்கு மாதங்களுக்கு போன் ஓயாது. "சார், ரீஃபண்ட் வந்திருக்குன்னு மெயில் வந்திருக்கு, அமுக்கலாமா?" என்பார்கள். இப்படிக் கேட்கிறவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. கேட்காமல் அமுக்கிவிட்டு, மறுநாள் காலையில் பாஸ்புக்கோடு வாசலில் வந்து நிற்கிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். கேள்விகள் எல்லாம் அவர்கள் கேட்டவை.

வருமான வரித்துறை ரீஃபண்ட் பற்றி மெயிலே அனுப்பாது என்கிறார்களே, உண்மையா?

இல்லை, அனுப்பும். "துறையிலிருந்து மெயில் வந்தாலே போலிதான்" என்று சொல்லிக் கொடுப்பது ஆபத்து. நிஜமான மெயில் ஒன்று வந்த அன்றைக்கே அந்த அறிவுரை பொய்த்துப்போகும். பிறகு எது வந்தாலும் நம்பிவிடுவார்கள்.

கணக்கைத் தாக்கல் செய்ததும் மெயில் வரும். மின்னணு முறையில் சரிபார்த்ததும் வரும். பெங்களூருவில் இருக்கும் மத்திய செயலாக்க மையம் கணக்கைப் பார்த்து முடித்ததும், 143(1) பிரிவின் கீழான அறிவிப்பு மெயிலில்தான் வரும். ரீஃபண்ட் கிளம்பினாலும் வரும், வங்கியில் சேராமல் திரும்பிவிட்டாலும் வரும்.

இவை எல்லாம் நடந்ததைச் சொல்லும் மெயில்கள். கார்டு எண், பின், பாஸ்வேர்டு, ஓடிபி ஆகியவற்றை அவை கேட்காது. இவற்றை மெயிலில் கேட்பதில்லை என்று துறையே தன் இணையதளத்தில் எழுதி வைத்திருக்கிறது. நீங்கள் ஏதாவது செய்ய வேண்டியிருந்தாலும், அதைத் துறையின் தளத்துக்குள் உங்கள் பயனர் கணக்கில் நுழைந்துதான் செய்ய முடியும்.

ரீஃபண்ட் உண்மையில் எந்த வழியாக என் கைக்கு வருகிறது?

இது தெரிந்துவிட்டால் போலி மெயில்களில் முக்கால்வாசியைத் திறக்காமலேயே ஒதுக்கிவிடலாம். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வங்கியோ, வேலை பார்த்த இடமோ உங்களிடம் டிடிஎஸ்ஸாகப் பிடித்த வரி, நீங்கள் கட்ட வேண்டியதை விட அதிகமாக இருந்தால் மிச்சத்தைத் திருப்பித் தருவார்கள். அதுதான் ரீஃபண்ட். அதற்கு நீங்கள் கணக்குத் தாக்கல் செய்திருக்க வேண்டும். தாக்கலே செய்யாதவருக்கு "உங்களுக்கு ரீஃபண்ட் அனுமதிக்கப்பட்டது" என்று மெயில் வந்தால் அது போலி. தாக்கல் செய்த பின் 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி, நெட் பேங்கிங் போன்ற ஏதாவது ஒரு வழியில் சரிபார்க்கவும் வேண்டும். அதன் பிறகே பெங்களூரு மையம் கணக்கை எடுத்துப் பார்க்கும்.

பணம் எந்த வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும் என்பதும் முன்னமே முடிவாகியிருக்கும். 2019 மார்ச் 1 முதல் ரீஃபண்ட் மின்னணு முறையில்தான் தரப்படுகிறது. பான் எண்ணோடு இணைத்து, துறையின் தளத்தில் முன்கூட்டியே சரிபார்க்கப்பட்ட கணக்குக்கு மட்டும்தான் பணம் போகும். துறையின் சார்பில் பணத்தை அனுப்பி வைக்கும் வங்கி, ஸ்டேட் வங்கி.

ஆக, ரீஃபண்ட் கிளம்பும் நேரத்தில் துறையிடம் உங்கள் கணக்கு எண் இருக்கிறது, ஐஎஃப்எஸ்சி குறியீடும் இருக்கிறது. அதை மெயில் போட்டு உங்களிடம் கேட்க வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லை. டெபிட் கார்டின் பின்பக்கத்து மூன்று இலக்க எண்ணோ (சிவிவி) பணம் அனுப்புவதற்கு யாருக்குமே தேவைப்படாது. பணம் எடுக்கத்தான் அது வேண்டும்.

போலி மெயில் எப்படித்தான் இருக்கும்? ஓர் உதாரணம் சொல்லுங்களேன்.

2023 ஆகஸ்டில் நாடு முழுக்கச் சுற்றிய குறுஞ்செய்தி ஒன்று உண்டு. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமான பிஐபியின் உண்மை சரிபார்ப்புப் பிரிவு அதைப் போலி என்று அறிவித்தது. உங்களுக்கு 15,490 ரூபாய் ரீஃபண்ட் அனுமதிக்கப்பட்டிருக்கிறது, விரைவில் கணக்கில் வரவு வைக்கப்படும் என்று அது தொடங்கும். அடுத்து ஒரு வங்கிக் கணக்கு எண்ணை, நடுவில் மறைத்து, முதலும் கடைசியும் தெரியும்படி காட்டும். இந்த எண் தவறாக இருந்தால் கீழே உள்ள இணைப்பில் போய்த் திருத்திக்கொள்ளுங்கள் என்று முடியும்.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அந்த எண் உங்களுடையதாக இருக்காது. இருக்கக் கூடாது என்பதுதான் திட்டம். பார்த்ததும், ‘ஐயோ, நம் பணம் வேறு யாருடைய கணக்குக்கோ போகப்போகிறதே’ என்று மனம் பதறும். உங்கள் எண்ணைக் கொடு என்று அவன் ஓர் இடத்திலும் கேட்கவில்லை. தப்பாக இருக்கிறது, திருத்து என்கிறான். கேட்டிருந்தால் யோசித்திருப்போம். திருத்தச் சொல்லும்போது நம் காரியத்தை நாமே பார்த்துக்கொள்வது போலத் தோன்றிவிடுகிறது. தொகையும் அப்படித்தான். பத்து லட்சம் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். பதினைந்தாயிரம் என்றால், பென்ஷன்காரருக்கோ சம்பளக்காரருக்கோ ‘இருக்கலாமே’ என்று தோன்றும்.

இதே சரக்கு மெயிலிலும் வருகிறது. துறையின் சின்னமும் அசோகச் சிங்கமும் வைத்து, "24 மணி நேரத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் ரீஃபண்ட் ரத்தாகும்" என்ற வரியோடு வரும். சின்னம் எதையும் நிரூபிக்காது. அதை யார் வேண்டுமானாலும் இணையத்தில் எடுத்து ஒட்டலாம். கெடு வைப்பதைத்தான் கவனிக்க வேண்டும். துறையின் நிஜமான அறிவிப்புகளிலும் கால வரம்பு உண்டு. ஆனால் அவை நாள் கணக்கில் இருக்கும். உதாரணமாக, தாக்கலில் குறை இருக்கிறது என்று 139(9) அறிவிப்பு வந்தால் சரிசெய்ய 15 நாள் தருகிறார்கள். இன்று ராத்திரிக்குள் என்று எந்த அலுவலகமும் உங்கள் ரீஃபண்டை ரத்து செய்வதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எழுத்துப்பிழை இருந்தால் போலி, இல்லாவிட்டால் அசல் என்ற பழைய அடையாளத்தை இனி நம்பாதீர்கள். இப்போது வரும் போலிகள் சுத்தமான ஆங்கிலத்தில், சில சமயம் நல்ல தமிழிலும் வருகின்றன.

நான் எதிர்பார்த்த தொகையை விடக் கொஞ்சம் அதிகமாகப் போட்டிருக்கிறது. போலிதானே?

தொகையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ரீஃபண்டுக்குத் துறை மாதத்துக்கு அரை சதவீதம் வட்டி தரும். உரிய தேதிக்குள் தாக்கல் செய்திருந்தால் ஏப்ரல் 1-லிருந்து கணக்கு. 18,400 ரூபாய் வர வேண்டியவருக்குச் செப்டம்பரில் ரீஃபண்ட் போடுகிறார்கள் என்றால், ஆறு மாத வட்டி 552 சேர்ந்து 18,952 வரும். அந்த வருடத்துக்கான மொத்த வரியில் பத்து சதவீதத்துக்கும் குறைவான ரீஃபண்டாக இருந்தால் வட்டி கிடையாது. வந்த வட்டியை அடுத்த வருடக் கணக்கில் வருமானமாகக் காட்டவும் வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அனுப்பியவர் முகவரியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். எப்படிப் படிப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதலில், மெயிலின் தலையில் ‘இன்கம்டாக்ஸ் டிபார்ட்மென்ட்’ என்று கொட்டை எழுத்தில் தெரிவது வெறும் பெயர். எவனும் எந்தப் பெயரையும் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பெயரை விரலால் தொட்டால் பின்னால் இருக்கும் முழு முகவரி தெரியும். அதைப் பாருங்கள்.

துறையின் தளத்தின் முகவரி இன்கம்டாக்ஸ்.ஜிஓவி.இன். துறையின் முக்கியமான மெயில்களும் அட் குறிக்குப் பிறகு இதிலேயே முடியும். அதற்கு முன்னால் ‘சிபிசி’ என்ற சொல் (மத்திய செயலாக்க மையத்தின் ஆங்கிலச் சுருக்கம்) சேர்ந்து வரலாம். கடைசிப் பகுதி மாறாது.

முகவரியைக் கடைசியிலிருந்து படிக்க வேண்டும். அண்ணா நகர் சென்னையிலும் இருக்கிறது, மதுரையிலும் இருக்கிறது. கடிதம் எந்த ஊருக்குப் போகும் என்பதைக் கடைசியில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயர்தானே முடிவு செய்கிறது? இணைய முகவரியும் அப்படியே. தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்த சாய்கோடு வருவதற்கு முன்னால், கடைசியாக என்ன இருக்கிறது என்று பாருங்கள். ‘இன்கம்டாக்ஸ்.ஜிஓவி.இன்’ என்று எழுதிவிட்டு அதற்குப் பின்னாலும் ஒரு புள்ளி வைத்து, வேறு ஏதோ பெயரும் ‘டாட் காம்’ என்றும் முடிந்தால், அது அந்த வேறு பெயர்க்காரனின் வீடு. முன்னால் இருப்பது அவன் வாசலில் எழுதி வைத்திருக்கும் பலகை. புள்ளிக்குப் பதில் சிறு கோடு போட்டு ‘இன்கம்டாக்ஸ்-ஜிஓவி’ என்று வருவதும் இதே வேலைதான்.

அனுப்புநர் முகவரியையே அசல் போலக் காட்டவும் வழிகள் உண்டு. அதனால் முகவரி தப்பாக இருந்தால் போலி என்று நிச்சயமாகச் சொல்லலாம். சரியாக இருக்கிறது என்பதற்காக மெயிலில் இருக்கும் இணைப்பை அமுக்கிவிடக் கூடாது.

அப்படியானால் நான் என்னதான் செய்வது?

மெயிலை மூடுங்கள். நீங்களே பிரவுசரைத் திறந்து, தளத்தின் முகவரியை உங்கள் கையால் தட்டி உள்ளே போங்கள். கூகுளில் தேடி முதலில் வருவதையும் அமுக்காதீர்கள். விளம்பரமாகப் போலித் தளங்கள் மேலே வந்து நிற்பதுண்டு. உங்கள் பான் எண், பாஸ்வேர்டு போட்டு நுழைந்து, இ-ஃபைல் என்ற பகுதியில் தாக்கல் செய்த கணக்குகளைப் பார்க்கும் இடத்துக்குப் போனால், இந்த வருடக் கணக்கு எந்த நிலையில் இருக்கிறது, ரீஃபண்ட் கிளம்பிவிட்டதா என்பதெல்லாம் தேதி வாரியாக இருக்கும். மெயில் சொன்னது அங்கே இருந்தால் உண்மை. இல்லாவிட்டால் மெயிலை அழித்துவிடலாம்.

எனக்குத் தெரிந்து இதை விடச் சுலபமான, எல்லாப் போலிக்கும் பொருந்துகிற சோதனை வேறு இல்லை. மெயில் அசலா போலியா என்று உற்று உற்றுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் வேலையே இதில் கிடையாது.

மெயிலோடு ஒரு கோப்பும் இணைத்து வந்திருக்கிறது. திறக்கலாமா?

நிஜமான 143(1) அறிவிப்பு, பூட்டுப் போட்ட பிடிஎஃப் கோப்பாக வரும். அதன் பாஸ்வேர்டு உங்கள் பான் எண் சிறிய எழுத்தில், அதன் பின்னால் இடைவெளி இல்லாமல் பிறந்த தேதி, மாதம், வருடம். இது உங்களுக்கே தெரிந்த விஷயம் என்பதால் துறை தனியாக எதையும் கேட்பதில்லை. பூட்டே இல்லாமல் வந்தாலோ, ஜிப் கோப்பாகவோ, திறந்தால் வலைப்பக்கம் போல விரியும் எச்டிஎம்எல் கோப்பாகவோ வந்தாலோ தொடாதீர்கள். ‘ரீஃபண்ட் படிவம்’ என்ற பெயரில் ஏபிகே கோப்பு வந்தால் அது உங்கள் போனைப் பிடிக்க வரும் செயலி.

செயலியை இறக்கினால் அப்படி என்ன ஆகும்?

டிரினிக் என்று ஒரு திருட்டுச் செயலி இருந்தது. 2021 செப்டம்பரில் மத்திய அரசின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. 27-க்கும் மேற்பட்ட இந்திய வங்கிகளின் வாடிக்கையாளர்கள் குறிவைக்கப்பட்டிருந்தார்கள். அது வேலை செய்த விதத்தைப் படித்தால், நிஜமான ரீஃபண்ட் நடைமுறையை எவ்வளவு கவனமாகப் பார்த்துச் செதுக்கியிருக்கிறார்கள் என்பது புரியும்.

முதலில் குறுஞ்செய்தியில் ஓர் இணைப்பு. அது வருமான வரித்துறைத் தளம் போலவே இருக்கும் பக்கத்துக்குக் கொண்டுபோகும். அங்கே ‘சரிபார்ப்பை முடிக்க’ என்று ஒரு செயலியை இறக்கச் சொல்லும். நிறுவியதும் குறுஞ்செய்தி, அழைப்புப் பட்டியல், தொடர்பு எண்கள் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கும். பெயர், பான், ஆதார், முகவரி, வங்கிக் கணக்கு எண், கார்டு எண், சிவிவி, பின் வரை படிவத்தில் நிரப்ப வைக்கும். எல்லாம் முடிந்ததும் ‘உங்களுக்கு இவ்வளவு ரீஃபண்ட் இருக்கிறது’ என்று தொகை காட்டி, ‘வங்கிக் கணக்குக்கு மாற்று’ என்ற பொத்தானை வைக்கும். அமுக்கினால் பிழை என்று வரும். செயலி புதுப்பிக்கப்படுகிறது என்று ஒரு திரை ஓடும். நீங்கள் பொறுமையாக அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரத்தில், உங்கள் குறுஞ்செய்திகள் உட்பட எல்லாம் அவன் கைக்குப் போய்க்கொண்டிருக்கும். குறுஞ்செய்தி போய்விட்டால் ஓடிபியும் போய்விட்டது என்று பொருள்.

பிளே ஸ்டோருக்கு வெளியே, யாரோ அனுப்பிய இணைப்பிலிருந்து எந்தச் செயலியையும் இறக்க வேண்டாம். வரித்துறைக்காக என்றால் கண்டிப்பாக வேண்டாம்.

நோட்டீஸ் என்று வந்திருக்கிறது. பயமாக இருக்கிறது. அசலா என்று எப்படிப் பார்ப்பது?

2019 அக்டோபர் 1 முதல் துறை அனுப்பும் நோட்டீஸ், உத்தரவு, கடிதம் ஆகியவற்றில் டின் எனப்படும் ஆவண அடையாள எண் இருக்க வேண்டும். துறையின் தளத்தின் முகப்பிலேயே, உள்ளே நுழையாமலேயே, நோட்டீஸைச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது. அந்த எண்ணைப் போட்டால் துறை அனுப்பியதா என்று தெரிந்துவிடும். நிஜமான நோட்டீஸாக இருந்தால் ஒதுக்கிவிடாதீர்கள். போலிக்குப் பயந்து அசலையும் குப்பையில் போட்டுவிட்டுத் தவித்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

‘உங்கள் ரீஃபண்ட் தோல்வியடைந்தது’ என்று வந்தால்?

இது நிஜமாகவும் நடக்கும். வங்கிகள் இணைந்து ஐஎஃப்எஸ்சி மாறியிருக்கும், கணக்கு செயலற்றுப் போயிருக்கும், பானில் இருக்கும் பெயரும் வங்கியில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகாது. நம் ஊரில் இனிஷியலை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா, விரித்து எழுதுவதா என்ற குழப்பத்திலேயே பாதிப் பெயர்கள் மாட்டிக்கொள்கின்றன. அப்படியிருந்தால் தளத்துக்குள் போய், வங்கிக் கணக்கை மறுபடி சரிபார்த்துவிட்டு, ‘சர்வீசஸ்’ பகுதியில் ரீஃபண்டை மறுபடி அனுப்பக் கோரும் விண்ணப்பத்தைப் போட வேண்டும். கட்டணம் கிடையாது.

மெயிலில் என் பெயர், பான் எண் எல்லாம் சரியாக இருக்கிறதே?

அதை வைத்து நம்ப வேண்டாம். பான் அட்டை நகலை வாழ்நாளில் எத்தனை இடத்தில் கொடுத்திருக்கிறோம்! சிம் கார்டு வாங்க, நகை வாங்க, கடன் விசாரிக்க, ஜெராக்ஸ் கடையில் வாட்ஸப்பில் அனுப்பி பிரின்ட் எடுக்க. அந்தக் கடைக் கணினியில் நம் ஆவணம் இன்னும் கிடக்கும். பான் எண் தெரிந்தவர் எல்லாம் வரித்துறை ஆகிவிட மாட்டார்.

மெயிலுக்குப் பின்னால் போனும் வந்தது. அதிகாரி என்றார். யுபிஐயில் ஒரு கோரிக்கை அனுப்பினார்.

பணம் வாங்க யுபிஐ பின் தேவையில்லை. க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. ரீஃபண்டை விடுவிக்க ‘செயலாக்கக் கட்டணம்’ என்று ஒரு ரூபாய்கூட யாரும் கட்ட வேண்டியதில்லை. போனை வைத்துவிடுங்கள்.

இணைப்பை அமுக்கிவிட்டேன். ஆனால் எதையும் நிரப்பவில்லை.

பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. பக்கத்தை மூடி, ஏதாவது தானாக இறங்கியிருக்கிறதா என்று டவுன்லோட்ஸில் பார்த்து, இருந்தால் திறக்காமல் அழித்துவிடுங்கள்.

விவரம் எல்லாம் கொடுத்துவிட்டேன். இப்போது என்ன செய்ய?

ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர். எனக்கு எதிர்த்தெருக்காரர். மதியம் இரண்டரை மணிக்கு மெயில் பார்த்து, படிவத்தை நிரப்பி, ஓடிபியும் போட்டிருக்கிறார். பணம் போன குறுஞ்செய்தி உடனே வந்துவிட்டது. ஆனால் என் வீட்டுக்கு வந்தது மறுநாள் பதினோரு மணிக்கு. "ராத்திரியே வரலாம்னு நெனச்சேன் தம்பி. என்னைப் பத்தி என்ன நெனைப்பீங்களோன்னு வெட்கமா இருந்துச்சு. நானே பசங்களுக்கு எவ்வளவு சொல்லிக் குடுத்தவ" என்றார். அந்த இருபது மணி நேரத்தில் மேலும் இரண்டு முறை பணம் போயிருந்தது.

அவருடைய போனை வாங்கி, ஓடிபி வந்த குறுஞ்செய்தியைப் பார்த்தேன். ஆறு இலக்க எண்ணுக்கு முன்னால் எந்தக் கடைக்கு, எவ்வளவு தொகைக்கு அந்த ஓடிபி என்று எழுதியிருந்தது. 24,999 ரூபாய்க்கு ஏதோ ஓர் இணையக் கடை. "இதைப் படிச்சீங்களா டீச்சர்?" என்றேன். "நம்பரை மட்டும்தான் பார்த்தேன்" என்றார். எல்லாரும் அப்படித்தான் பார்க்கிறோம். ஓடிபி வந்தால் எண்ணுக்கு முன்னால் இருக்கும் அந்த ஒரு வரியைப் படிக்கப் பழகுங்கள். ரீஃபண்டுக்கு வந்த ஓடிபியில் கடைப் பெயர் ஏன் இருக்கிறது என்ற கேள்வி அங்கேயே எழும்.

இனி, செய்ய வேண்டியவை. முதலில் 1930-க்குப் போன் செய்யுங்கள். இது தேசிய சைபர் குற்ற உதவி எண். போன பணம் எந்த வங்கிக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே அதை முடக்கி வைக்க முயல்வார்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும் என்பதால் இங்கே நிமிடங்கள்கூட முக்கியம். கையோடு வங்கியின் உதவி எண்ணை அழைத்து கார்டையும் நெட் பேங்கிங்கையும் யுபிஐயையும் முடக்கச் சொல்லுங்கள். வங்கியின் எண்ணை கார்டின் பின்புறத்திலிருந்தோ பாஸ்புக்கிலிருந்தோ எடுங்கள், கூகுளில் தேடாதீர்கள். வங்கித் தளத்துக்குப் போவதானால் அதன் முகவரி பேங்க்.இன் என்று முடிகிறதா என்று பாருங்கள். 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் அந்த முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருந்தது.

வங்கியில் பேசியதும் புகார் எண்ணையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அது ஏன் முக்கியம் என்று அடுத்த கேள்வியில் சொல்கிறேன். பிறகு சைபர்கிரைம்.ஜிஓவி.இன் தளத்தில் புகாரை முழுமையாகப் பதிவு செய்யுங்கள். மெயில், குறுஞ்செய்தி, பணம் போன விவரம் எதையும் அழிக்க வேண்டாம், படம் எடுத்து வையுங்கள். வரித்துறைத் தளத்தின் பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தால் அதையும் மெயிலின் பாஸ்வேர்டையும் வேறு ஒரு சாதனத்திலிருந்து மாற்றுங்கள். செயலி எதையாவது நிறுவியிருந்தால் இணையத்தைத் துண்டித்து, போனைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்புவதுதான் பத்திரம்.

பான், ஆதார் நகலும் போயிருந்தால் சில மாதம் கழித்து உங்கள் கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். கடன் தகவல் நிறுவனங்கள் வருடத்துக்கு ஒரு முறை அதை இலவசமாகத் தர வேண்டும். நீங்கள் வாங்காத கடன் உங்கள் பெயரில் இருந்தால் அங்கே தெரியும்.

போன பணத்தை வங்கி தருமா?

2017 ஜூலை 6-ஆம் தேதி ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையில் இதற்கு விதி இருக்கிறது. உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வேறு எங்கோ ஓட்டை விழுந்து பணம் போயிருந்து, மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு இழப்பு இல்லை. ஆனால் ஓடிபியையோ பின்னையோ நீங்களே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் உங்கள் தலையில். தெரிவித்த நேரத்துக்குப் பிறகு போவது வங்கியின் பொறுப்பு.

அதனால்தான் புகார் எண்ணையும் நேரத்தையும் எழுதி வைக்கச் சொன்னேன். டீச்சர் மதியமே போன் செய்திருந்தால், பிறகு போன இரண்டு தொகைக்கும் வங்கியிடம் சண்டை போட்டிருக்கலாம். அதுகூடத் தேவைப்பட்டிருக்காது, கார்டு முடங்கியிருக்கும். 1930 வழியாக முடக்கப்பட்ட பணம் திரும்புவதற்கும் நடைமுறை உண்டு. நாள் பிடிக்கும், விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

பணம் போகவில்லை, மெயில் மட்டும் வந்தது. யாரிடம் சொல்வது?

மெயிலை அப்படியே வெப்மேனேஜர் அட் இன்கம்டாக்ஸ்.ஜிஓவி.இன் முகவரிக்கு ஃபார்வர்டு செய்து, இன்சிடென்ட் அட் செர்ட்-இன்.ஓஆர்ஜி.இன் முகவரிக்கும் நகல் போடுங்கள். ஒரு நிமிட வேலை. போலித் தளத்தை முடக்க அது உதவும்.

பெரிய ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் வாட்ஸப்பில் சொல்கிறார். வருவதில் அவருக்குப் பங்காம். இதுவும் மோசடியா?

ஆம். இதில் பணம் நிஜமாகவே வந்துவிடும் என்பதால் ஆபத்து இன்னும் அதிகம். கொடுக்காத வாடகை, கொடுக்காத நன்கொடை, இல்லாத வீட்டுக்கடன் என்று பொய்யான வரிக் கழிவுகளைப் போட்டு ரீஃபண்டை வரவழைப்பார்கள். துறையின் கடிதங்கள் உங்களுக்கு வராமலிருக்க, தாங்களே உருவாக்கிய மெயில் முகவரியைப் பதிவு செய்துவிடுவார்கள். 2025 ஜூலை 14-இல் துறை இப்படிப்பட்டவர்களைத் தேடி நாடு முழுக்க 150-க்கும் மேற்பட்ட இடங்களில் சோதனை நடத்தியது. அதில் தமிழ்நாடும் உண்டு. அதற்கு முந்தைய நான்கு மாதத்தில் சுமார் 40,000 பேர் தாங்களே கணக்கைத் திருத்தி 1,045 கோடி ரூபாய்க்கான பொய்க் கழிவுகளைக் கைவிட்டதாகவும் துறை சொன்னது.

கணக்கில் இருப்பது உங்கள் பெயர். வரி, வட்டி, அபராதம் எல்லாம் உங்களிடம்தான் கேட்பார்கள். பங்கு வாங்கிக்கொண்டு போனவரின் எண் அப்போது அணைந்திருக்கும். உங்கள் கணக்கில் பதிவாகியிருக்கும் மெயிலும் கைபேசி எண்ணும் உங்களுடையவையா என்று இன்றே உள்ளே போய்ப் பாருங்கள். என்னைப் போல ஒருவரிடம் கொடுத்துத் தாக்கல் செய்கிறவர்களும் பார்க்க வேண்டும்.

மகன் வெளிநாட்டில் இருக்கிறான். அவனுக்கும் இப்படி வருமா?

வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்கள் தங்கள் இந்திய வருமானத்துக்காக இங்கே வைத்திருக்கும் கணக்கு என்ஆர்ஓ. அதில் உள்ள வைப்புத் தொகை வட்டிக்கு வங்கிகள் 30 சதவீத வரியும் அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் பிடிக்கின்றன. அதனால் அவர்களுக்கு இங்கே பெரிய ரீஃபண்ட் வர வேண்டியிருப்பது சாதாரணம். எதிர்பார்ப்போடு இருப்பவர்கள் சுலபமாக அமுக்கிவிடுவார்கள். இங்கிலாந்தில் இருந்தால் அந்த நாட்டு வரித்துறையான எச்எம்ஆர்சி பெயரிலும் வரும். வரி ரீஃபண்ட் பற்றித் தாங்கள் மெயிலில் சொல்வதே இல்லை என்று அத்துறை அறிவித்திருக்கிறது. போலிக் குறுஞ்செய்தியை அங்கே 60599 என்ற எண்ணுக்கு அனுப்பலாம்.

வயதான அப்பா அம்மாவுக்கு என்ன செய்து வைக்கலாம்?

முதலில், ரீஃபண்டே வராதபடி செய்ய முடியுமா என்று பாருங்கள். 60 வயதைத் தாண்டி, வரி கட்ட வேண்டிய அளவு வருமானம் இல்லாதவர்கள் தங்களுக்கு வரி இல்லை என்று உறுதி சொல்லும் படிவத்தை ஏப்ரலிலேயே வங்கியில் கொடுத்துவிட்டால் வட்டியில் டிடிஎஸ் பிடிக்க மாட்டார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் மூத்த குடிமக்களுக்கு ஒரு வங்கியில் வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வட்டி வரை டிடிஎஸ்ஸே கிடையாது. முன்பு அது ஐம்பதாயிரம். பிடித்தம் இல்லையென்றால் ரீஃபண்ட் இல்லை. ரீஃபண்ட் இல்லாதவருக்கு ‘ரீஃபண்ட் வந்திருக்கிறது’ என்ற மெயில் எதையும் செய்ய முடியாது.

அடுத்து, பென்ஷன் வரும் கணக்கையும் கார்டு உள்ள கணக்கையும் பிரித்து வையுங்கள். கார்டில் இணைய வாங்கலுக்கான வரம்பை வங்கிச் செயலியில் போய்க் குறைக்கலாம், முழுவதுமாக நிறுத்தியும் வைக்கலாம். கடைக்கு நேரில் போய் வாங்குகிறவர்களுக்கு அது தேவையே இல்லை.

முக்கியமாக, ஏமாந்தாலும் திட்டு விழாது என்று அவர்களுக்கு இப்போதே சொல்லி வையுங்கள். "எப்போ சந்தேகம் வந்தாலும், ராத்திரி பன்னிரண்டு மணி ஆனாலும் கூப்பிடும்மா" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். டீச்சர் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேலே சுவரில் இப்போது ஓர் அட்டை ஒட்டியிருக்கிறது. 1930, வங்கியின் எண், அதன் கீழே என் எண், மூன்றையும் அவரே தன் கரும்பலகைக் கையெழுத்தில் எழுதி ஒட்டினார். போன செப்டம்பரில் ஒரு நாள் ராத்திரி ஒன்பதரைக்குக் கூப்பிட்டு, "தம்பி, ஒரு மெயில் வந்திருக்கு, திறக்கல" என்றார்.